கல்லைக் கண்டுபிடி, அப்புறம் அள: நில அளவைக் குழுவை நடத்துபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

அளவராக இருக்கும்வரை ஒரு டேப், ஒரு புலப்படம் (ஒரு புல எண்ணின் எல்லையும் அளவும் வரைந்த படம்), கூட சங்கிலி பிடிக்க ஒரு செயின்மேன், அவ்வளவுதான் உலகம். பதவி உயர்வு வந்த மறுநாள் நான்கைந்து பேர் கொண்ட குழு, இரண்டு கருவிகள், மேசை நிறைய மனுக்கள், கூடவே கவுன்சிலரின் போன். வட்ட அலுவலகத்திலும் பிறகு ஒரு நகராட்சியிலும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றதை, புதிதாக உட்காரப்போகிறவருக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்கிறேன். கருவியின் பட்டன்களைச் சொல்லித்தர யூடியூப் இருக்கிறது.

அந்த நாற்காலிக்குப் போன முதல் மாதமே நான் சறுக்கினேன். ஒரு புன்செய் நிலத்துக்கு அத்து, அதாவது எல்லை, காட்ட வேண்டும். வாய்க்கால் மூலையில் ஒரு கல் நின்றது. படத்திலும் அந்த இடத்தில் கல் இருந்தது. நேரமாகிவிட்டதே என்று அதிலிருந்தே அளக்கச் சொல்லிவிட்டேன். கூட வந்த செயின்மேனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூடுதல். கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது கழுத்து வெள்ளையா இருக்கு" என்றார். "பரவால்லண்ணே, பிடிங்க" என்றேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: வாய்க்கால் தூர்வாரியபோது இயந்திரம் பெயர்த்துப் போட்ட கல்லை யாரோ நல்ல எண்ணத்தில் ஒன்றரை மீட்டர் தள்ளி நட்டிருக்கிறார்கள். அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் நான் காட்டிய கோட்டில் வேலிக்குக் கால் ஊன்றியிருந்தார். அதைப் பிடுங்கவைத்த நாளில் அவர் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. கழுத்து வெள்ளை என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: அலுவலகத்திலேயே பாதி வேலையை முடியுங்கள்

குழு வண்டி ஏறும் முன் ஒவ்வொரு மனுவுக்கும் காகிதம் முழுசாக இருக்க வேண்டும். மனுதாரரின் பட்டா, புல எண்வாரியாகப் பரப்பும் பட்டாதாரரும் எழுதிய 'அ' பதிவேட்டு நகல், அந்தப் புல எண்ணின் புலப்படம், அதை ஒட்டியுள்ள எல்லாப் புல எண்களின் படங்கள், கிராம வரைபடம். நகரப் பகுதியானால் வார்டு, பிளாக், நகர அளவை எண்ணோடு நகர நில அளவைப் பதிவேட்டு நகல். மனை என்றால் அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் படமும் வேண்டும். பெரும்பாலானவர்கள் மனுதாரரின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பக்கத்துப் படங்கள் இல்லாமல் போனால் மூலையில் கல் இல்லாதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு எல்லை இரண்டு படத்திலும் இருக்கும். இரண்டிலும் ஒரே நீளம் எழுதியிருக்கிறதா என்பதை அலுவலகத்தில் பார்த்தால் ஐந்து நிமிடம், வயலில் பார்த்தால் அரை நாள்.

அடுத்தது அலகு. பழைய படங்கள் லிங்க் கணக்கில் இருக்கும், பின்னால் வந்தவை மீட்டரில். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க், ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. படத்தின் ஓரத்தில் அலகு எழுதாமல் இருந்தால் யூகிக்காதீர்கள். படத்தில் உள்ள அளவை வைத்துப் பரப்பைக் கணக்கிட்டு 'அ' பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். லிங்க்கை மீட்டர் என்று எடுத்திருந்தால் பரப்பு ஏறத்தாழ 25 மடங்கு வந்து நிற்கும், உடனே தெரிந்துவிடும்.

பரப்பை ஒப்பிடும்போது இன்னொன்று. பதிவேட்டில் 0.40.5 என்றிருந்தால் 40.5 ஏர்ஸ், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். பழைய கிராமப் பதிவுகளில் பெரும்பாலும் அரை ஏர்ஸ் அளவில் முழுமையாக்கியிருப்பார்கள். அரை ஏர்ஸ் என்பது 50 சதுர மீட்டர், 538 சதுர அடி. நெல் வயலில் அதை யாரும் கேட்பதில்லை. அதே வயல் மனையாகும்போது 538 சதுர அடிக்குக் கோர்ட் வரை போவார்கள். ஆகவே "பட்டாவில் உள்ள பரப்பு வரவில்லையே" என்று கேட்பவரிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள், குழுவில் இருக்கும் பையன் இல்லை.

பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள். கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி என்று எழுதி, நான்கு எல்லையைச் சொல்லும் சக்குபந்தியில் "வடக்கே பொதுப்பாதை" என்றிருக்கும். புலப்படத்தில் அந்தப் பாதையே இருக்காது. இந்த முரண்பாட்டை வயலில் வைத்து முதன்முறையாகப் பார்த்தால், நான்கு பக்கமும் சத்தம் போடும் ஆட்களுக்கு நடுவே முடிவெடுக்க வேண்டி வரும். நீதிமன்றத் தடை ஏதும் இருக்கிறதா என்பதையும் கோப்பிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

படி 2: நோட்டீஸ்

இதில் குறுக்கு வழி கிடையாது. மனுதாரருக்கும் சுற்றியுள்ள எல்லாப் பட்டாதாரர்களுக்கும் நாள், நேரம், புல எண் குறிப்பிட்டு நோட்டீஸ் போக வேண்டும். கையெழுத்து வாங்கிய நகல் கோப்பில் இருக்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது நம் ஊரில் சகஜம். வாரிசுகள் யார் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு, தெரிந்தவர்கள் அனைவருக்கும் கொடுங்கள். வாங்க மறுத்தால் நிலத்தில் ஒட்டி, சாட்சிகளோடு மகஜர் எழுதுங்கள். தலையாரி "சொல்லிட்டேன் சார்" என்பது நோட்டீஸ் ஆகாது.

நகராட்சி வேலையில் தெருவை ஒட்டிய சொத்து என்றால் நகராட்சியும் ஒரு பக்கத்து நிலத்துக்காரர்தான். நகரமைப்பு ஆய்வாளருக்கும் பொறியாளர் பிரிவுக்கும் தகவல் போக வேண்டும். இதை விட்டுவிட்டு, பிறகு "எங்கள் வடிகாலுக்குள் கல் நட்டிருக்கிறார்கள்" என்று நம் அலுவலகமே நமக்குக் கடிதம் எழுதிய வேடிக்கையையும் பார்த்திருக்கிறேன்.

ஒரே வருவாய்க் கிராமத்து மனுக்களை ஒரே நாளில் சேர்த்துப் போடலாம், வண்டி மிச்சம். ஆனால் வரிசை ஏன் மாறியது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். முதலில் மனுப் போட்டவர் கட்டாயம் கேட்பார்.

படி 3: யாருக்கு எந்த வேலை

நான்கு பேர் குழுவில் ஒருவர் கருவி, ஒருவர் ப்ரிஸம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி), ஒருவர் நோட்டு, ஒருவர் புதர் வெட்டவும் கல் தேடவும். கருவியில் நிற்பவர் நோட்டு எழுதக் கூடாது. ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதி, எழுதியதைத் திரும்பப் படிக்க, முதலாமவர் "சரி" சொல்ல வேண்டும். அதுவும் இலக்கம் இலக்கமாக. காற்றில் நாற்பது மீட்டர் தள்ளி நின்று கத்தும்போது ஐம்பதும் எண்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும், அறுபதும் எழுபதும் அப்படியே. "ஏழு, ஆறு, புள்ளி, நாலு, அஞ்சு" என்று சொல்லப் பழக்குங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

புதிதாக வந்த அளவரையும் பழைய செயின்மேனையும் ஒரே அணியில் போடுங்கள். பெரியவருக்குக் கல் தெரியும், இளையவருக்கு மென்பொருள் தெரியும். ஆனால் பெரியவரை ப்ரிஸம் மாட்டிய ராட் தூக்குகிற ஆளாக மட்டும் இளையவர் நடத்தினால் அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். எங்கள் குழுவில் அளவர்கள் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தேன். மரியாதைக்காக மட்டும் இல்லை. அண்ணே என்று கூப்பிடுகிற இடத்தில்தான் அவர் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வார்.

இப்போது அளவர்களாகப் பெண்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் வரை ஏரிக்கரையில் நிற்கிற வேலைக்கு, பக்கத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைப்பது மேற்பார்வையாளரின் வேலை. பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஏதோ ஒன்றில் முதல் நாளே சொல்லிவைக்கலாம். இதைக் கேட்டு வாங்கவேண்டிய நிலைக்கு அவர்களை விடாதீர்கள்.

படி 4: கருவியைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்

அலுவலக வளாகத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து வையுங்கள். நல்ல எஃகு டேப்பால் பலமுறை அளந்து தூரத்தை உறுதிசெய்து சுவரில் எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை டோட்டல் ஸ்டேஷனை (கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் மின்னணுக் கருவி) வைத்து அதை அளக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். யாரோ வேறு ப்ரிஸத்தை எடுத்துவந்து கருவியில் அதற்கான மாறிலியை (தூரத்தில் செய்யும் திருத்தம்) மாற்றாமல் விட்டிருப்பார்கள். பல ப்ரிஸங்களுக்கு மாறிலி 30 மில்லிமீட்டர், சிலவற்றுக்குப் பூஜ்யம். ப்ரிஸத்தின் முதுகில் பெயிண்டால் எழுதிவைப்பதுதான் நான் கண்ட ஒரே மருந்து.

டேப்பில் பார்க்க வேண்டியது முனை. சில டேப்பில் வளையத்தின் வெளி விளிம்பே பூஜ்யம், சிலவற்றில் கொஞ்சம் உள்ளே தள்ளி. முதல் மீட்டர் அறுந்துபோன டேப்பை ஒரு மீட்டர் குறியில் பிடித்து அளந்துவிட்டு, கழிக்க மறந்த கதை எல்லா அலுவலகத்திலும் உண்டு. அறுந்த டேப்பைத் தூக்கிப் போடுங்கள், விலை அதிகமில்லை.

வெயிலில் எஃகு நீளும். 30 மீட்டர் எஃகு டேப் 20 டிகிரி கூடினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். எல்லைக் கல்லுக்கு அது பெரிய விஷயமில்லை, தளர்ந்த டேப்பும் சரிவும்தான் பெரிய எதிரி. பத்துக்கு ஒன்று சரிவில் தரையோடு தரையாக 30 மீட்டர் பிடித்தால் கிடைமட்டத்தில் 15 சென்டிமீட்டர் போய்விடும். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்தில், இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் அதன் அடிக்கோட்டை அளந்தபோது, 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து அளந்தார். ஏழரை மைல் தூரத்துக்கு 57 நாள் ஆனது. நமக்கு ஒரு மனுவுக்கு ஒரு காலைப் பொழுதுதான். அதனால் சரிவில் டேப்பைத் துண்டு துண்டாகக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு இறக்கச் சொல்லுங்கள், போதும்.

படி 5: கல்லைத் தேடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். அளக்க யாருக்கும் தெரியும். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது, அதை முடிவு செய்யத்தான் நீங்கள் நேரில் போகிறீர்கள்.

களத்துக்குப் போனதும் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடாதீர்கள். முதல் அரை மணி நேரம் எல்லோரும் நடக்க வேண்டும். கிராம வரைபடத்தைப் பார்த்து அருகில் மூன்று ஊர் எல்லை கூடும் முச்சந்திக்கல் எது, பழைய கிணறு எது, வாய்க்கால் வளைவு எது, பனைமர வரிசை எது என்று பாருங்கள். உயிர்வேலி நேராக ஓடினால் அது பெரும்பாலும் பழைய எல்லையை ஒட்டித்தான் ஓடும். மேட்டில் இருக்கும் கல் தெரியும். நன்செயில் இருப்பது சேற்றுக்குள் அமிழ்ந்திருக்கும். படத்தின்படி கல் இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கடப்பாரையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சுக்கான் பாறை மொத்தென்று சத்தம் போடும். நட்ட கல் 'ணங்' என்று கையில் அதிரும். அனுபவப்பட்ட செயின்மேன் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வார்.

கிடைத்த கல் அதே இடத்தில் நின்ற கல்தானா? இங்கேதான் கழுத்து வருகிறது. பல பத்தாண்டு நின்ற கல்லில் மண்ணுக்கு மேலே உள்ள பாகம் வெயிலிலும் மழையிலும் கறுத்து, பாசி பிடித்திருக்கும். மண்ணுக்குள் இருந்த பாகம் வெளுத்தோ செம்மண் ஏறியோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழும். அந்த மண்கோடு தரை மட்டத்தோடு ஒட்டி இருந்தால் கல் அசையவில்லை என்று ஓரளவு நம்பலாம். கோடு தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தெரிந்தால், ஒன்று மண் அரித்திருக்கிறது, இல்லை யாரோ பிடுங்கி நட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மண் அரித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் அந்தக் கல்லைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கல்லைக் கையால் அசைத்துப் பாருங்கள், வேர் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் வேர் கட்டிப்பிடித்திருக்கும் கல்லைவிட நல்ல சாட்சி கிடையாது.

கண்ணால் பார்த்தது போதாது. குறைந்தது மூன்று கற்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு கல் ஒத்துப்போனால் இரண்டுமே சேர்ந்து நகர்ந்திருக்கலாம். மூன்றாவதும் ஒத்துப்போனால்தான் நம்பிக்கை. மனுதாரரின் நிலத்துக்குள் மூன்று கிடைக்கவில்லை என்றால் பக்கத்துப் புலத்துக்குப் போங்கள், அதற்கு அடுத்ததற்கும் போங்கள். நான் ஒரு வீட்டு மனைக்காக நான்கு புலம் தாண்டிப் போயிருக்கிறேன். கூட வந்தவர்கள் முறைத்தார்கள், ஆனால் அந்த எல்லையை இன்றுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நம்பகமான இரண்டு கல்லுக்கு நடுவே மொத்த நீளம் கொஞ்சம் குறைந்தால் என்ன செய்வது? உதாரணத்துக்கு, படத்தில் 120 மீட்டர், களத்தில் 119.4. நடுவில் மூன்று பேர், தலைக்கு 40 மீட்டர். ஒரு முனையிலிருந்து 40, 40 என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசி ஆளுக்கு 39.4 மட்டும் மிஞ்சும். அவர் என்ன பாவம் செய்தார்? பழைய அளவையில் விழுந்த பிழை எல்லோருக்கும் பொது. ஆளுக்கு 20 சென்டிமீட்டர் குறைத்து 39.8 என்று பிரிக்க வேண்டும். ஆனால் இது இடையில் கல் எதுவும் கிடைக்காதபோது மட்டும். நடுவே ஒரு பழைய கல் அசையாமல் நின்றால் அதை மதித்துத்தான் ஆக வேண்டும். வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டர் என்று வந்தாலோ பங்கு போடுவதை மறந்துவிடுங்கள். தவறான கல்லைப் பிடித்திருக்கிறீர்கள், தேடலை மறுபடி தொடங்குங்கள்.

படி 6: அளத்தல், எழுதுதல்

புலப்படத்தில் புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி லைன், எல்லையில் ஓடும் எஃப் லைன், ஜி லைனிலிருந்து செங்கோணத்தில் வளைவுகளுக்குப் போகும் ஆஃப்செட் என்று மூன்றும் இருக்கும். அத்து காட்டும் மனுவை ஊரில் எஃப் லைன் மனு என்பது இதனால்தான். டேப்பும், செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபும் வைத்து வேலை செய்தால் ஜி லைனை முதலில் நேர்நிறுத்துங்கள். ஆஃப்செட் நீண்டுகொண்டே போனால் செங்கோணம் சாய்வதும் கூடிக்கொண்டே போகும். நீளமான ஆஃப்செட்டை மூலைவிட்டம் அளந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டோட்டல் ஸ்டேஷன் என்றால் ஒவ்வொரு நிலையத்திலும் தொடங்கும்போது, ஏற்கெனவே இடம் தெரிந்த பின்னோக்குப் புள்ளியைப் பார்ப்பார்கள். முடிக்கும்போதும் பார்க்கவைக்க வேண்டும். வெயிலில் முக்காலியின் கால் சேற்றில் இறங்கியிருப்பது கடைசிப் பார்வையில்தான் அகப்படும். சுற்றி வந்தால் தொடங்கிய இடத்திலேயே மூட வேண்டும். ஐந்து நிலையம் என்றால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 540 டிகிரி வரவேண்டும். 400 மீட்டர் சுற்றி வந்து 12 சென்டிமீட்டர் மூடாமல் நின்றால் 3,300-க்கு ஒன்று. அந்த அளவு பிழை எல்லை வேலைக்கு எனக்குப் பிடிக்காது, ஒரு கோணத்தைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு களத்திலேயே திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் ரோவர் வந்த பிறகு இளைஞர்களுக்குக் கல் தேடவே பிடிப்பதில்லை. "சார், ஆயத்தொலைவு கொடுத்தா நேரா போய் நிக்கும்" என்கிறார்கள். நிற்கும், ஆனால் அந்த ஆயத்தொலைவு எங்கிருந்து வந்தது? நூறு ஆண்டுக்கு முந்தைய படத்தை ஸ்கேன் செய்து உட்கார வைத்ததிலிருந்து வந்திருந்தால், ரோவர் தப்பான இடத்தைத்தான் சென்டிமீட்டர் சுத்தமாகக் காட்டும். கருவியைப் பயன்படுத்துங்கள், வேகம் அபாரம். கண்டுபிடித்த கல்லை ரோவரால் அளந்து, படத்தோடு பொருத்துங்கள். திரையில் 'ஃபிக்ஸ்' (இடம் உறுதியானது) வராமல் 'ஃப்ளோட்' (இன்னும் உறுதியாகவில்லை) என்று இருக்கும்போது புள்ளி எடுக்கக் கூடாது. மாந்தோப்பிலும் மாடிக் கட்டிடங்களுக்கு நடுவிலும் ஃபிக்ஸ் வந்தாலும், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். இன்னொரு பொறி: 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிளக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் 44-வது யூ.டி.எம். மண்டலம் (ஆயத்தொலைவுக்காக உலகைப் பிரித்த பட்டைகளில் ஒன்று). கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43. திண்டுக்கல் அந்தக் கோட்டை ஒட்டியே மேற்கில் உட்கார்ந்திருக்கிறது. வேறு மாவட்டத்திலிருந்து இரவல் வாங்கிய கருவியில் மண்டலத்தை முதலில் பாருங்கள்.

நோட்டைப் பற்றி என் சட்டங்கள் கொஞ்சம் கடுமை. களத்திலேயே எழுத வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதி அலுவலகத்தில் அழகாகப் பெயர்த்து எழுதக் கூடாது. அழிக்கக் கூடாது. தப்பானதை ஒற்றைக் கோடால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம். லேடரை (கோட்டின் நீளத்தையும் ஆஃப்செட்டையும் ஏணிபோல எழுதும் பத்தி) கீழிருந்து மேலாக எழுத வேண்டும், ஏனென்றால் நடக்கும் திசையும் நோட்டின் திசையும் ஒன்றாக இருந்தால்தான் இடதும் வலதும் மாறாது. சேறு ஒட்டிய, வியர்வை பட்ட நோட்டைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. வெள்ளை வெளேரென்ற நோட்டைக் கொண்டுவந்தால் "இது எங்கே எழுதினது?" என்று கேட்பேன்.

நீங்கள் செய்ய வேண்டிய மறுஅளவை: குழு அளந்த கோடுகளில் ஏதாவது இரண்டை, அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல், நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே உங்கள் எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

படி 7: ஆட்கள்

எல்லையில் பேசவேண்டியவர் ஒரே ஒருவர், அது நீங்கள். குழுவில் மற்றவர்கள் "உங்க பக்கம் வரும்போல இருக்கு" என்று முணுமுணுத்தால்கூடப் போதும், மாலைக்குள் ஊர் முழுக்க அதுவே தீர்ப்பாகிவிடும். அளவர் உரிமையைத் தீர்மானிக்கிறவர் இல்லை. பதிவில் உள்ள எல்லை தரையில் எங்கே விழுகிறது என்று காட்டுவதோடு நம் வேலை முடிகிறது. இதைத் தொடங்கும்போதே இரு தரப்பையும் சேர்த்து நிறுத்தி ஒருமுறை சொல்லிவிடுங்கள். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. அந்தச் சட்டப்படி அளவை முடிந்ததாக அறிவிக்கை வந்த எல்லை என்றால் 14-வது பிரிவின்படி 3 ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றம் போகலாம். இதைப் பொறுமையாகச் சொன்னால் பாதிச் சத்தம் அடங்கும்.

வயதானவர்களைப் பேச விடுங்கள். "அய்யா, இந்தக் கிணத்துப் படிக்கட்டு எப்பக் கட்டினது?" என்று கேட்டால் கல்லைப் பற்றியும் சேர்த்துச் சொல்வார்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் கல் நடாதீர்கள்.

அடுத்தது யாரும் எழுத விரும்பாத சங்கதி. லஞ்சம் பெரும்பாலும் லஞ்சமாகத் தொடங்குவதில்லை. கல் ஏற்றிவர வண்டி வாடகை, முள் வெட்டக் கூலி, வெயிலில் இளநீர், மதியம் சாப்பாடு என்றுதான் தொடங்கும். குழுவுக்கு வண்டியும் கூலியும் அலுவலகம் கொடுக்காமல் "பாத்துப் பண்ணிக்கோங்க" என்று அனுப்பினால், அந்தப் பணம் மனுதாரரின் பையிலிருந்துதான் வரும் என்பது அனுப்புகிறவருக்கும் தெரியும். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது. மாட்டிக்கொண்டவர் கடைசியில் புல உதவியாளர். ஆகவே கல், வண்டி, கூலி மூன்றுக்கும் எழுத்தில் கேளுங்கள். வரும்வரை அந்த மனுவை நிறுத்துங்கள், காரணத்தைக் கோப்பில் எழுதுங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். தண்ணீர் வாங்கிக் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் இரண்டு தரப்பு வீட்டிலும் குடியுங்கள், இல்லையென்றால் ஒரு வீட்டிலும் வேண்டாம்.

படி 8: பாதுகாப்பு

உயரம் பார்க்கும் அலுமினிய ஸ்டாஃபை முழுக்க இழுத்தால் நான்கைந்து மீட்டர். வயலுக்குக் குறுக்கே தொய்ந்து போகும் 11 கே.வி. கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது. நீட்டுவதற்கு முன் தலையைத் தூக்கிப் பார் என்பதை வாய்ப்பாடு போலச் சொல்லவையுங்கள். புதருக்குள் முதலில் போவது கம்பு, அப்புறம்தான் கால். தெருவில் வேலை என்றால் ஒளிரும் சட்டையும் கூம்பும் வேண்டும், கருவிக்குப் பின்னால் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். சித்திரையில் பதினொரு மணிக்கு மேல் வேலை வைக்காதீர்கள். உடம்பை விடுங்கள், கானல் நடுக்கத்தில் ப்ரிஸத்தைச் சரியாகக் குறிவைக்கவே முடியாது.

படி 9: நகராட்சிக்கே உரிய சிக்கல்கள்

தெருவின் அகலத்தை இரண்டு சுவருக்கு நடுவே அளந்து எழுதுவது பெரிய தப்பு. சுவர்தான் ஆக்கிரமிப்பாக இருக்கலாம். தெருவுக்கும் நகர அளவை எண் உண்டு. அதன் அளவை பிளாக் படத்திலிருந்து எடுத்து, தெருமுனைக் கற்களிலிருந்து கொண்டுவர வேண்டும். தார் மேல் தார் போட்டுப் போட்டுத் தெருமுனைக் கல் அரை மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கும். சாலை வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி விடும்போதே, தோண்டும் அன்று நம் ஆள் ஒருவர் அங்கே நிற்கவேண்டும் என்று பொறியாளரிடம் பேசிவையுங்கள்.

லேஅவுட் பூங்கா இடம் என்றால் படத்தில் உள்ள நான்கு பக்க அளவோடு மூலைவிட்டத்தையும் சரிபாருங்கள். பக்கங்கள் சரியாக இருந்தும் கோணம் சாய்ந்து, பரப்பு குறைவதுண்டு. ஏரி, குளம் என்றால் தண்ணீர் நிற்கும் விளிம்பு எல்லை ஆகாது. புறம்போக்கு எல்லை படத்தில் இருக்கிறது. கரையின் வெளிச்சரிவும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். ஆக்கிரமிப்பை அளக்கும் அன்று வீட்டுக்காரர்களிடம் "இடிப்பாங்களா?" என்ற கேள்விக்குக் குழுவில் யாரும் பதில் சொல்லக் கூடாது, நீங்களும் உட்பட.

படி 10: அன்று மாலையே

கல் நட்டதும் அங்கேயே வரைபடம் போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவர் பெயரையும், என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு கல்லையும் பின்னணி தெரிய ஒன்று, கல்லை மட்டும் ஒன்று என்று இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். தரவை அன்று மாலையே இறக்கி, பரப்பு கணக்கிட்டு, 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஒரு வரி விளக்கத்தோடு கோப்பில் வையுங்கள். இரண்டு நாள் கழித்தால் 'கே-7' என்று எழுதிய புள்ளி கிணறா, கேட்டா என்று எழுதியவருக்கே நினைவிருக்காது.

கடைசியாக, ஒவ்வொரு கல்லுக்கும் சாட்சி அளவு. அசையாத மூன்று பொருளிலிருந்து கல்லுக்கு உள்ள தூரம்: கிணற்றின் வடகிழக்கு மூலையிலிருந்து 6.42, மின்கம்பத்திலிருந்து 11.08, கோயில் மதில் முனையிலிருந்து 14.35 என்று. அடுத்த முறை இயந்திரம் வந்து கல்லைப் பெயர்த்துப் போட்டால், அப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் இந்த மூன்று எண்ணை வைத்து ஐந்து நிமிடத்தில் அதைத் திரும்ப நட்டுவிடுவார்.